கருவி போட்டாயிற்று, பிள்ளைக்குக் கேட்கிறதா?

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு சகோதரர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "காது கேளாத சிறு பிள்ளைகளுக்குக் கருவி வாங்கக் காணிக்கை கொடுத்தோம். கருவியும் போட்டாயிற்று. அதற்குப் பிறகும் பிள்ளையின் தலையில் வயர் ஒட்டி ஏதோ பரிசோதனை செய்கிறீர்களாமே, அது எதற்கு?" என்றார். நல்ல கேள்வி. அன்றைக்கு நேரம் ஆகிவிட்டபடியால் மருத்துவர் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இன்று அதை விவரமாகச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

நான் மருத்துவன் அல்ல. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள், டெசிபலைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் செவித்திறன் பிரிவின் வாசல் பெஞ்சில் தாய்மாரோடு பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு விளங்காததையெல்லாம் நம் ஆடியாலஜிஸ்ட் அம்மையாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் பொறுமைசாலி.

முதலில் என் சொந்தக் காரியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு கிராமச் சபையில் இருந்தேன். ஒரு தாய் தன் இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஐயா, இவன் இன்னும் அம்மான்னுகூடச் சொல்லல" என்றாள். நான் பையனுக்குப் பின்னால் நின்று பலமாகக் கைதட்டினேன். அவன் திரும்பிப் பார்த்தான். "நன்றாகக் கேட்கிறதே! ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், பொறுத்திரு அம்மா" என்று சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். அவன் என் நிழலைப் பார்த்துத் திரும்பினானோ, கை வீசிய காற்று பட்டுத் திரும்பினானோ, யாருக்குத் தெரியும்? பிறவியிலேயே அவனுக்குக் கடுமையான செவித்திறன் குறைவு என்பது நாலரை வயதில்தான் வெளியே வந்தது. இரண்டரை வருஷம் என் வார்த்தையை நம்பிக் காத்திருந்தாள் அந்தத் தாய். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பாரமாயிருக்கிறது.

இரண்டரை வருஷம் போனால் என்ன என்று கேட்கலாம். மூளை காத்திருப்பதில்லை, அதுதான் சங்கதி. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ என்ற பேராசிரியையும் அவருடன் உழைத்தவர்களும் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செவிக்குறையை 6 மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கிய பிள்ளைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். 2002-ல் அனு சர்மா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைக் காட்டினார்கள். பிறவியிலேயே கேளாமல், பிறகு காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கப்பட்ட பிள்ளைகளின் மூளை ஒலிக்கு எவ்வளவு நேரத்தில் பதில் தருகிறது என்று அளந்தார்கள். மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே அந்தப் பதில் மற்றப் பிள்ளைகளுக்கு வருகிற நேரத்துக்கு வந்துவிட்டது. ஏழு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது வரவில்லை. அந்தப் பையன் என்னிடம் வந்தது இரண்டு வயதில்.

இப்போது சகோதரரின் கேள்விக்கு வருகிறேன்.

நம்மில் பலருக்கு 'பெரா' டெஸ்ட் தெரியும். பிள்ளையைத் தூங்க வைத்து, காதில் 'டிக் டிக்' என்ற ஒலியைக் கொடுத்து, நெற்றியிலும் காதின் பின்புறமும் எலக்ட்ரோடு ஒட்டிப் பதிவு செய்வார்கள். ஒலி காதில் விழுந்து நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிற பயணத்தை அது காட்டும். அந்தப் பயணம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். எவ்வளவு குறை இருக்கிறது என்று சொல்ல இதைப் போல உதவுகிற பரிசோதனை பச்சைக் குழந்தைகளுக்கு வேறில்லை. ஆனால் கருவி போட்ட பிறகு அந்தக் கருவி சரியாக உதவுகிறதா என்று பார்க்க இது அவ்வளவாகப் பயன்படாது. இக்காலத்துக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அடக்கி, இரைச்சலைக் குறைத்து, நொடிக்கு நொடி தம்மையே மாற்றிக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வந்து போகிற 'டிக்' ஒலியை அவை பேச்சைப் போல நடத்துவதில்லை. மேலும், மூளைத்தண்டு என்பது வாசற்படி. வீட்டுக்குள் போனதா என்று வாசற்படியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெரியவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கருவியை மாட்டி, "கேட்கிறதா ஐயா?" என்று கேட்டால் போதும். "கேட்கிறது, ஆனால் தட்டுச் சத்தம் காதைக் குடைகிறது" என்று சொல்லிவிடுவார். ஏழெட்டு மாதமான குழந்தையாயிருந்தால், ஒலி வந்த பக்கம் தலையைத் திருப்பினால் பொம்மை விளக்கு எரியும் என்று பழக்கி ஓரளவு கண்டுகொள்ளலாம். அதற்கும் சிறிய குழந்தையும், வேறு குறைகளும் சேர்ந்திருக்கிற குழந்தையும் எதைச் சொல்லும்? காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, கருவி எவ்வளவு ஒலியைத் தருகிறது என்று அளக்க முடியும். அதை முதலில் செய்தேயாக வேண்டும். அது கருவியைப் பற்றிச் சொல்லும். பிள்ளையைப் பற்றிச் சொல்லாது.

இந்தக் கேள்வி ஆஸ்திரேலியாவில் கூர்மையாக எழுந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அங்கே 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருபெல்லா அம்மை பரவியது. கர்ப்பிணிகளுக்கு வந்த அந்த நோயால் பிள்ளைகளின் கண் கெடுகிறது என்று 1941-ல் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் கண்டு சொன்னார். அதே நோயால் காது கேளாமல் பிறந்த பிள்ளைகளும் அநேகர். அந்தப் பிள்ளைகளுக்காகவும், உலகப் போரில் செவி இழந்து திரும்பிய வீரர்களுக்காகவும் அந்த நாட்டு அரசு சிட்னியில் ஒலியியல் ஆய்வகம் ஒன்றை வளர்த்தது. இன்று அதற்குத் தேசிய ஒலியியல் ஆய்வகம் என்று பெயர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் காது பரிசோதிக்கும் ஏற்பாடு அங்கே வரத் தொடங்கியது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகள் கருவி கேட்டு வந்தார்கள். கருவியை மாட்டிவிட்டு, சரியா தவறா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதா என்று அந்த ஆய்வகத்தார் யோசித்தார்கள்.

வழி புதியதல்ல. விழித்திருக்கும் மனிதருடைய மூளை ஒலிக்குப் பதில் தருவதைத் தலைக்கு வெளியே இருந்தே பதிவு செய்யலாம் என்று பாலின் டேவிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1939-லேயே காட்டியிருந்தார். ஆஸ்திரேலியாவில் ஹார்வி டில்லன், சுசான் பர்டி முதலானோர் அதைக் குழந்தைக்கும் கருவிக்கும் ஏற்றபடி செம்மைப்படுத்தினார்கள். 'டிக்' ஒலியை விட்டுவிட்டு, பேச்சிலிருந்தே மூன்று சிறு ஒலிகளை எடுத்தார்கள். 'ம்' என்பது ஒன்று. 'அம்மா' என்கிறோமே, அந்தத் தாழ்ந்த ஒலி. 'க்' என்பது இன்னொன்று. 'அங்கே' என்ற சொல்லில் மெலிந்து வருகிறதே, அந்த நடு ஒலி. மூன்றாவது 'ட்', 'டீ' என்கிறபோது வெடிக்கும் உயர்ந்த ஒலி. மெல்லிய பேச்சு 55 டெசிபல், சாதாரணப் பேச்சு 65, உரத்த பேச்சு 75 என்று வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக எதிரே உள்ள ஒலிபெருக்கியில் வரச் செய்கிறார்கள். குழந்தை கருவியை மாட்டிக்கொண்டு தாயின் மடியில் விழித்திருக்க வேண்டும். பெராவுக்குத் தூங்க வேண்டும், இதற்குத் தூங்கவே கூடாது. தூங்கினால் மூளையின் பதில் உருமாறிவிடும்.

"தலையில் கரண்ட் வைக்கிறார்களா?" என்று கேட்காத தகப்பன் இல்லை. ஒரு பொட்டுக் கரண்டும் உள்ளே போவதில்லை. மூளையில் தானாக உண்டாகும் மின்சாரத்தைத்தான் வெளியே எடுத்துப் பார்க்கிறோம். டார்ச் லைட்டில் போடும் ஒரு செல் ஒன்றரை வோல்ட். மூளையின் பதில் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு சில பங்கு. அதைவிடப் பெரிதாகக் கண் சிமிட்டலும் தாடை அசைவும் வந்து மேலே விழும். பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று நானும் கேட்டேன். ஆலயத்தில் நூறு பேர் ஆளுக்கொன்று முணுமுணுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் மட்டும் மணி அடித்த மறுகணமே ஒவ்வொரு தடவையும் 'ஆமென்' என்கிறார். நூறு தடவை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், முணுமுணுப்பு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'ஆமென்' மட்டும் நிற்கும். சின்னக் குழந்தைக்கு அந்த 'ஆமென்' ஒலி விழுந்து ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து, ஒரு மேடாக வருகிறது. வளர வளர இன்னும் சீக்கிரமாக வரும், வடிவமும் மாறும். அந்த மேடு உண்மையா, தற்செயலா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். ஆகவே ஹோட்டலிங் என்ற கணித அறிஞரின் முறையைக் கொண்டு கம்ப்யூட்டரே கணக்கிட்டுச் சொல்லுமாறு செய்தார்கள். அனுபவசாலிகளின் கண்ணுக்கு அது குறைந்ததல்ல என்று 2009-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இனி, எங்கள் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது மாதப் பெண் குழந்தை. ஐந்தாம் மாதத்தில் இரண்டு காதுக்கும் கருவி கொடுத்திருந்தோம். பாட்டியம்மா என்னிடம் வழக்குக் கொண்டுவந்தார்கள். "மிஷினைப் போட்டா கூ-ன்னு கத்துது ஐயா. புள்ளயும் கத்துறா. எடுத்தா சிரிக்கிறா. கூப்பிட்டா திரும்பவும் மாட்டேங்கிறா. என்னத்துக்குய்யா பச்சப்புள்ளய இந்தப் பாடு படுத்துறீக?" கருவி ஒரு மாதமாகப் பீரோவில், நகை டப்பாவுக்குள் இருந்தது. விலையுயர்ந்த பொருளுக்கு அந்த வீட்டில் கொடுத்த மரியாதை அது. தாய் ஒன்றும் பேசவில்லை. மாமியாருக்கு முன்னால் பேசுகிற வழக்கம் இல்லை போலும்.

ஆடியாலஜிஸ்ட் அம்மையார் கருவியைத் துடைத்து மாட்டி, பிள்ளையைத் தாயின் மடியில் உட்கார வைத்தார். பாட்டியம்மாவிடம் சோப்புத் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துக் குமிழி ஊதச் சொன்னார். கிலுகிலுப்பை கூடாது, சத்தம் வரும். பிஸ்கட்டும் கூடாது, மென்றால் தாடைத் தசை ஓவியத்தைக் கலைத்துவிடும். பாட்டியம்மா குமிழி ஊதிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 65 டெசிபலில் 'ம்' என்ற ஒலிக்கு மேடு எழுந்தது. 'க்'குக்கும் எழுந்தது. 'ட்'டுக்கு எழவில்லை, இரண்டாம் முறையும் எழவில்லை.

திரையில் ஏறிய கோட்டைப் பாட்டியம்மா விரலால் காட்டினார்கள். "இந்தா, மேல ஏறுதே, இது ஆரு?"

"உங்கள் பேத்திதான் பாட்டி. அவள் மூளை பதில் சொல்கிறது."

பாட்டியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "அப்ப கேட்டுக்கிட்டுத்தான் திரும்பாம இருந்திருக்கா, கழுத" என்றார்கள்.

அன்றைக்குத்தான் தாய் சிரித்ததை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

'ட்' ஏன் வரவில்லை? குழந்தையின் காது வளர்ந்துவிட்டது, காதுக்குள் வைக்கும் மோல்டு வளரவில்லை. சந்து விழுந்து, ஒலி வெளியே கசிந்து, திரும்பக் கருவிக்குள்ளேயே போய் 'கூ' என்று விசிலடித்தது. விசில் பொறுக்காமல் தகப்பன் கருவியின் அளவைக் குறைத்திருக்கிறான். உயர்ந்த ஒலிகள் முதலில் அடிபட்டுப் போயின. புதிதாக அச்செடுத்து மோல்டு செய்து, காதுக்குள் அளந்து, கருவியைத் திருத்தினார்கள். மூன்று வாரம் கழித்து 65-ல் 'ட்' வந்தது. 55-ல் இன்னும் வரவில்லை. அதை ஆடியாலஜிஸ்ட் அம்மையார் ஒளிக்காமல் தாயிடம் சொன்னார்.

ஓர் இடைச்சொல். நாம் எல்லாரும் கருவி வழங்கும் விழாவுக்கு வருகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், நானும்தான். மோல்டுக்கும் பேட்டரிக்கும் விழா கிடையாது. கைக்குழந்தைக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை மோல்டு மாற்ற வேண்டும். அது மாறாவிட்டால் கருவி பீரோவுக்குத்தான் போகும்.

இந்தப் பரிசோதனையைத் தீர்க்கதரிசி என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். மேடு வந்தால், ஒலி மூளையை எட்டியது என்று நம்பலாம். மேடு வராவிட்டால், எட்டவில்லை என்று உடனே முடிவுகட்ட முடியாது. ஒலி குழந்தையின் கேட்கும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், நாலு தடவையில் சுமார் மூன்று தடவைதான் பதில் பிடிபடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வகத்தாரே 2012-ல் எழுதினார்கள். குழந்தை அழுதால், நெளிந்தால், சலித்துப்போனால் பதிவு கெடும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மூன்று முதல் ஏழு மாதம் வரையுள்ள, கருவி அணிந்த நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதை இன்னும் செம்மையான ஒலிகளால் செய்து 2023-ல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். அமெரிக்காவிலோ, கெல்லி டிரெம்ப்ளேயும் கர்ட்டிஸ் பில்லிங்ஸும் பெரியவர்களிடம் பார்த்தபோது, கருவியால் ஒலி உயர்ந்தும் மூளையின் பதில் அதற்கு ஏற்றபடி பெருகவில்லை. கருவி ஒலியோடு இரைச்சலையும் சேர்த்து உயர்த்துகிறது, மூளை இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் கவனிக்கிறது என்றார்கள். ஆகவே கோட்டின் உயரத்தைப் பார்த்து 'இந்தக் கருவி அதைவிட நல்லது' என்று தீர்ப்புச் சொல்லுதல் தகாது. எட்டியதா என்று கேட்கலாம். எவ்வளவு நன்றாக என்று கேட்டால் வேறு சாட்சிகளும் வேண்டும். அவர்களில் முதல் சாட்சி தாய்.

எட்டுவது வேறு, விளங்குவது வேறு. சிறுவனாகிய சாமுவேலின் காதில் குரல் விழுந்தது, அவன் எழுந்து ஓடவும் செய்தான். அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏலி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் மூன்றாம் முறைதான் ஏலிக்கே விளங்கியது. திரையில் வருகிற மேடு சாமுவேலின் காது மட்டுமே. அன்றாடம் அருகிலிருந்து பேசி, பெயர் சொல்லி, பாட்டுப் பாடி விளங்கவைக்கிற ஏலி வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது ஏலி பாட்டியம்மாதான். சத்தம் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை.

வேறொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. பிறந்த சில நாளில் கடுமையான மஞ்சள் காமாலை வந்து தப்பிய குழந்தைகள் சிலருக்குக் காது நரம்பில் ஒலி ஒழுங்கு தவறிப் போகும். பெரா எடுத்தால் கோடு வெறுமையாக இருக்கும். 'சுத்தமாகக் கேட்காது' என்று எழுதிவிடத் தோன்றும். மெல்பர்னில் கேரி ரான்ஸும் அவருடன் இருந்தவர்களும் 2002-ல் இத்தகைய பிள்ளைகளின் மூளைப் பதிலைப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதில் இருந்தது. அப்படிப் பதில் இருந்த பிள்ளைகள் கருவியின் உதவியால் பேச்சை ஓரளவு நன்றாகவே பிரித்தறிந்தார்கள், இல்லாதவர்களால் இயலவில்லை. வெறும் கோட்டைப் பார்த்துக் கதவைச் சாத்திவிடாதிருக்க இது எங்களுக்கு உதவியது.

கதவைத் திறந்துவிட மட்டும் அல்ல, காலத்தில் வேறு வாசலுக்குப் போகவும் இது உதவுகிறது. இன்னொரு குழந்தைக்குக் கருவியின் முழு பலத்திலும் மூன்று ஒலிகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. வேறு வேறு நாளில் மூன்று முறை பார்த்தோம். தலை திருப்பும் பரிசோதனையும், தாயின் நாட்குறிப்பும் அதையே சொல்லின. "இன்னும் ஆறு மாசம் மிஷினை வச்சே பாப்போம்" என்றார் தகப்பனார். அறுவைக்குப் பயந்தார். என் பழைய கதையை அவரிடம் சொன்னேன். அதை நான் எல்லாரிடமும் சொல்வதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகுமுன் வைத்தாயிற்று. இப்போது பயிற்சி நடக்கிறது. பேச்சு எவ்வளவு வரும் என்று இன்று சொல்ல முடியாது.

சில குடும்பங்களுக்குக் கருவியும் உதவாது, அறுவையும் கூடாது. சைகை மொழியும் முழுமையான மொழிதான், குறைந்ததல்ல. பாளையங்கோட்டையில் 1890-களில் மிஷனெரி புளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியில் படித்த பிள்ளைகளை நீங்களே அறிந்திருப்பீர்கள். எங்கள் பரிசோதனை, எந்த வழி என்று தீர்மானிக்கும் பெற்றோருக்குச் சீக்கிரமாக ஒரு செய்தியைத் தருகிறது, அவ்வளவே.

ஆகவே சகோதரரே, பெராவுக்கு வைத்திருந்த அதே இயந்திரத்தில்தான் இதையும் செய்கிறோம். அதிகமாகத் தேவைப்படுவது நிசப்தமான அறையும், பழகிய கையும், ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரமும்தான். சில நாட்களில் பிள்ளை தூங்கிவிடும். அப்போது எல்லாரும் காத்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். பேருந்தில் மூன்று மணி நேரம் வந்தவர்களிடம் அதைச் சொல்வது என் வேலை.

காபி முடிந்ததும் அந்த அறையைக் காட்டுகிறேன். பதினொரு மணிக்கு நம் பாட்டியம்மாவும் பேத்தியும் வருகிறார்கள், 55 டெசிபலில் 'ட்' வருகிறதா என்று இன்றைக்குப் பார்க்கிறார்கள். உள்ளே போக முடியாது, கதவிலுள்ள கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தயவுசெய்து செல்போனை அணைத்துவிட்டு வாருங்கள்.